வாடைப் பக்கம்

"காவி கேட்டு வந்தவன குதிர பாக்க அனுப்புறீங்களே, இது என்ன நியாயம்மா?" வேதரத்தினம் கத்தினார்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உப்புச் சதுப்பின் ஓரத்திலிருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. வேதரத்தினத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். வேதரத்தினத்துக்கு அதிலேயே பாதி எரிச்சல்.

"பெண்டாட்டி தன் வாயால 'போங்க'ன்னு சொன்னாத்தான் இங்க காவி. உங்க வீட்டம்மா நாலு நாளா வந்து முன்வாசல்ல நிக்கிறாங்க. நான் உள்ள கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்க, நீங்க வந்து கூப்பிடணுமாம். போய்க் கேளுங்க."

"நிக்கட்டும். அவ மூஞ்சியில முழிக்கறதா இல்ல."

"அப்ப குதிரையப் பாருங்க."

வேதரத்தினத்துக்கு வீட்டின்மேல் அப்படி ஓர் ஆத்திரம். மளிகைக் கடையை ஒற்றை ஆளாக நின்று வளர்த்தவர் அவர். மகன் ஒருநாள் கல்லா முன்னாலிருந்த அவருடைய நாற்காலியைத் தூக்கிக் குடோனில் போட்டான். வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பெண்டாட்டி தைலம்மைகூட. அன்றைக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பின்வாசல் வழியாகச் சதுப்புக்குப் போனார்.

மார்கழி மழை தூறிக்கொண்டிருந்தது. திட்டில் ஒரு காட்டுக் குதிரைக் குடும்பம் மேய்ந்தது. கிழட்டுப் பெட்டை ஒன்று, இளம் பெட்டைகள், குட்டிகள். கடைசியில் ஒரு கறுப்பு ஆண்குதிரை. பெட்டை நடந்தால் எல்லாம் நடந்தன. நின்றால் நின்றன. வேதரத்தினம் பல் தந்தியடிக்கக் குடையைப் பிடித்தபடி பார்த்தார்.

வாடைக்காற்று வலுத்தது. குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒட்டி நின்றன. கறுப்புக் குதிரை மட்டும் சுற்றிக்கொண்டு வாடைப் பக்கம் போய் நின்றது. அடித்த மழையெல்லாம் அதன் மேல்தான்.

ஒன்றுகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நன்றிகெட்ட ஜென்மங்களா!"

சேற்றை அள்ளிப் பெட்டைகளைப் பார்த்து எறிந்தார். அது குறி தவறிக் கறுப்புக் குதிரையின் விலாவிலேயே போய் அப்பியது. குதிரை காதுகளைப் பின்னால் மடக்கி ஓர் அடி முன்னால் வைத்தது. வேதரத்தினம் குடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

பின்வாசலில் நுழையும்போதே கத்தினார்.

"பாத்தேம்மா! நல்லாப் பாத்தேன்! ஒருத்தன் மழைய முழுசா வாங்கிக்கிட்டு நிக்கிறான். மத்ததெல்லாம் அவன் மறைப்புல சொகமா நிக்குது. ஒண்ணாவது திரும்பிப் பாத்துச்சா? எனக்கு வயிறு எரியுது!"

"எரியட்டும்." முதல் தடவையாக அம்மையின் குரலும் சூடாக இருந்தது. "பின்வாசல் வழியா எத்தன நாளாப் போய் வர்றீங்க?"

"நாலு நாளா. அதுக்கென்ன?"

அம்மை எழுந்துபோய் முன்கதவைப் படாரென்று திறந்தார்.

வாடை உள்ளே பாய்ந்து விளக்கை அணைத்தது.

வாசலில் தைலம்மை நின்றாள். தொப்பலாக நனைந்திருந்தாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, தன் குடையை ஒரு நாற்காலிக்குப் பிடித்திருந்தாள்.

மகன் குடோனில் போட்ட அவருடைய நாற்காலி. அதில் ஒரு பொட்டு ஈரமில்லை.

வேதரத்தினம் வாசல்படி வரை வந்து நின்றார்.

தைலம்மை பல்லைக் கடித்தாள்.

"என்ன, குதிரையப் பாத்து முடிச்சாச்சா?"