இருபது அடிக்கு ஒரு கல்

காட்டுக்கு நடுவில் கோடு எதுவும் இல்லாத காலம் அது. மிருகங்களும் பறவைகளும் அப்போது நம்மைவிட நன்றாகவே பேசிக்கொண்டிருந்தன. காட்டுக்குத் தலைவி ஒரு யானை. அவள் இருந்தது கிழக்குக் கோடியில், மலையடியில். மேற்குக் கோடியில் முயலுக்கும் கீரிக்கும் வளைத் தகராறு என்றால், அதைச் சொல்ல இரண்டு நாள் நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் யானை குளிக்கப் போயிருப்பாள். நியாயமான குறைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

“காட்டை இரண்டு மாவட்டமாகப் பிரித்துவிடுவோம்” என்றாள் யானை. “மேற்கைக் காட்டெருமை பார்த்துக்கொள்ளட்டும். இனி அவரவர் வழக்கு, அவரவர் மேய்ச்சல், அவரவர் தண்ணீர்.”

எல்லோருக்கும் ஒரே குஷி. கடைசியாகச் சொன்ன வார்த்தையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லையை அளக்க ஆள்காட்டிக் குருவியைக் கூப்பிட்டார்கள். நெட்டைக் கால், நேர்மையான புத்தி. அப்போதெல்லாம் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஐப்பசி மழை விட்டதும் அளக்கத் தொடங்கினாள். ஈர மண்ணில் கால் தடம் பதியும், திரும்பிப் பார்த்தால் கோடு நேராக வருகிறதா என்று தெரியும், அதனால்தான். இருபது அடி ஓடுவாள், நிற்பாள், ஒரு கூழாங்கல்லை வைப்பாள், மறுபடி ஓடுவாள்.

காட்டின் நடுவில் வட்டமடு என்று ஒரு நீர்நிலை. அங்கே வந்தபோது அவளுடைய சிநேகிதி செம்பி எதிரே வந்தாள். செம்பி கிழக்குப் பக்கத்துப் புள்ளிமான். பின்னாலேயே அவள் குட்டி, அந்த மாதம்தான் பிறந்தது.

“அக்கா, கல்லைப் பத்தடி மேற்கே தள்ளி வையேன். மடு முழுக்க அந்தப் பக்கம் போயிடுச்சு பாரு. தள்ளி வெச்சா நடுவுல வரும், ரெண்டு பக்கமும் குடிச்சுக்கலாம்.”

“ஏன்டி, சுத்திப் பாரு. கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணி. இந்த ஒரு மடுதான் உனக்குக் கண்ணுல பட்டுச்சா?”

“இப்ப இருக்குக்கா. சித்திரையில கிழக்கே ஒரு சொட்டு இருக்குமா? இது ஒண்ணுதானே வத்தாது.”

அது ஆள்காட்டிக்குத் தெரியாதா? கோடைக்குக் கோடை அவளும் அங்கேதான் குடித்தாள். ஆனால் திரும்பிப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் அத்தனை கல் வரிசை. அதைக் கோணலாக்க மனசு வரவில்லை.

“சிநேகிதிக்காக வளைச்சேன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க. கோடுன்னா கோடுதான்டி” என்று சொல்லிக் கல்லை வைத்துவிட்டாள். பாவி, அந்த ஒரு கல்லைத் தள்ளி வைத்திருக்கலாம்.

சித்திரை வந்தது. கிழக்கே குட்டை, ஓடை எல்லாம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தன. செம்பி குட்டியை இழுத்துக்கொண்டு வட்டமடுவுக்கு வந்தாள். கல் வரிசையில் மேற்கு மாவட்டத்து நரி காவலுக்கு நின்றது.

“எனக்கு வேண்டாம்ணே. குட்டிக்கு மட்டும் ஒரு வாய்.”

“என் வீட்டுத் தண்ணியா தாயி, நான் தடுக்க? வெளி மாவட்டம்னா உங்க யானையம்மா கைப்பட உத்தரவு வேணும். இல்லேன்னா என் வேலை போயிடும்.”

யானையிடம் போக ஒரு நாள், வர ஒரு நாள். தாகத்தில் துவண்டிருந்த குட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. எல்லைக்கல் பக்கத்தில் காரைப்புதர் நிழலில் அதைப் படுக்க வைத்துவிட்டு, “நகராதேடா கண்ணு” என்று சொல்லி ஓடினாள்.

மறுநாள் சாயங்காலம் உத்தரவோடு வந்தாள். குட்டி நகரவே இல்லை. கல்லின்மேல் தலையை வைத்தபடி கிடந்தது.

“தூங்குதுன்னு நெனச்சேன் தாயி” என்றது நரி.

சேதி கேட்டு ஆள்காட்டி பதறி ஓடி வந்தாள். செம்பி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

“பத்தடிதானே அக்கா கேட்டேன்” என்றாள். அவ்வளவுதான்.

ஆள்காட்டி நேரே யானையிடம் போய், “கோட்டை மாத்தணும்மா, நான் தப்பா அளந்துட்டேன்” என்று அழுதாள்.

“அளந்தவளேதான் மாற்ற வேண்டும். முதல் கல்லிலிருந்து அளந்துகொண்டு வா” என்றாள் யானை.

முதல் கல் எங்கே இருக்கிறது? அதற்குள் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்களை நகர்த்தியிருந்தார்கள். காய்ந்த மண்ணில் தடமும் பதியவில்லை. கொஞ்சம் ஓடினாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை, மறுபடி ஓடினாள். எங்கே காலடிச் சத்தம் கேட்டாலும், இன்னொரு குட்டி தண்ணீர் தேடி வந்துவிட்டதோ என்று தொண்டை கிழியக் கத்தினாள். முட்டையிடும் காலம் வந்தபோது அவள் கூடு கட்டவில்லை. கட்டினால் அது ஏதாவது ஒரு மாவட்டத்தில் இருந்தாக வேண்டுமே.

அந்தச் சித்திரையிலிருந்துதான் ஆள்காட்டிக் குருவி நாலு அடி ஓடி நின்று திரும்பிப் பார்க்கிறது. யார் வந்தாலும் கத்துகிறது. பொட்டல் வெயிலில், கற்களுக்கு நடுவே, வெறுந்தரையில் முட்டையிடுகிறது. அந்தப் பத்தடியை அது இன்னும் அளந்து முடிக்கவில்லை.