வெள்ளைமுடிக்குக் குரல்

குரு சீடரைவிட வயதில் இளையவர். அதில் இருவருக்குமே வருத்தம் இல்லை. சாலிகிராமத்தில், ஒரு மாடியில் இருந்த அந்த டப்பிங் கூடத்தில் வயதைக் கேட்டு யாரும் மைக் கொடுப்பதில்லை.

குருவின் பெயர் எழிலரசி. ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்களைத் தமிழில் பேச வைப்பது அவர் வேலை.

சீடர் மாசிலாமணி. பல வருடங்களாகக் கூட்டத்துக்குக் குரல் கொடுத்தவர். “ஓடுங்க”, “ஐயோ”, “பிடி அவனை”. ஒரே மைக்கைச் சுற்றிப் பத்துப் பேரோடு நின்று கத்திவிட்டு வீட்டுக்குப் போவார். இப்போதுதான் முதல்முறையாகத் தனி மைக். அதுவும் வில்லனுக்கு.

அந்த வில்லனுக்கு வாயில் நுழையாத பெயர். கூடத்தில் எல்லோருக்கும் அவன் வெள்ளைமுடி.

காட்சி இதுதான். வாளை வீசிப் புயலையே கிளப்பத் தெரிந்த ஒரு பையன் தன் ஊரைக் காக்கக் கிளம்புகிறான். வெள்ளைமுடி வழிமறிக்கிறான். பையனின் தோளில் கை வைத்து நாலு வார்த்தை பேசுகிறான். பையன் வாளைக் கீழே வைத்துவிடுகிறான்.

அந்த நாலு வார்த்தையைத்தான் மாசிலாமணி காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். உறுமினார். பல்லைக் கடித்தார். கடைசியில் வசனத்தில் இல்லாத ஒரு சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

“அண்ணே,” என்றார் ஒலிப்பதிவாளர் தாவூத், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “வெள்ளைமுடி உதட்டை லேசாத்தான் பிரிக்கறான். நீங்க பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி திறக்கறீங்க.”

“நாடகத்துல எமன் வேஷம் கட்டினவன்டா நான்.”

“தெரியுது. எமனுக்கு ஜலதோஷம்.”

எழிலரசி சிரிக்கவில்லை.

“சாயந்திரம் இந்தக் காட்சியை அனுப்பியாகணும் அண்ணே. சரியா வரலைன்னா வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்க கம்பெனியில. இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது.”

மாசிலாமணி ஹெட்போனைக் கழற்றினார்.

“ஒண்ணு கேக்கறேன் மேடம். இவன் கத்தல. அடிக்கல. இடுப்புல ஒரு கத்திகூட இல்ல. இவனைப் பார்த்து எதுக்குப் பயப்படணும்? வில்லன்கிட்ட ஆபத்துங்கறது எதுல இருக்கு?”

“சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்.”

தாவூத் சாப்பிட வெளியே போனார். எழிலரசி பதிவுக் கருவிகளுக்கு முன்னாலேயே டப்பாவைத் திறந்தார். மாசிலாமணிக்குப் பசி இல்லை. கண்ணாடி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அவருடைய போன் அடித்தது. மகள் பவானி. பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுகிறவள். வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்வதா இல்லையா என்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும்.

மாசிலாமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். தனி மைக்குப் பழகியிருந்தால் மைக் திறந்திருப்பதைக் காட்ட தலைக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பார். கூட்டத்தில் நின்றவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தாவூத்தும் பதிவை நிறுத்த மறந்துவிட்டுப் போயிருந்தார்.

ஒலிபெருக்கியில் அந்தப் பேச்சைக் கேட்ட எழிலரசி கையிலிருந்த கரண்டியை வைத்தார். அதற்கப்புறம் சாப்பிடவில்லை.

தாவூத் திரும்பி வந்ததும் எழிலரசி அவர் காதில் ஏதோ சொன்னார். தாவூத் தயங்கினார். பிறகு மாசிலாமணியை வெளியே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

திரையில் வெள்ளைமுடி வந்தான். குனிந்தான். பையனின் தோளில் கை வைத்தான். மாசிலாமணியின் குரலில் பேசினான்.

“வேணாம்னு சொல்லலடா தங்கம். நீ நல்லாச் செய்வே, யாரு இல்லேன்னா? ஆனா வெளியில உன்னைவிடப் பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்க. போய்த் தோத்துட்டு அழுதுக்கிட்டு வந்து நின்னா என்னால தாங்க முடியாது. உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். என்கூடவே இரு.”

உதடு எல்லா இடத்திலும் சொல்லோடு ஒட்டவில்லை. நடுவில் கொஞ்சம் மௌனம். பையன் தலை குனிந்தான்.

“நல்ல பிள்ளை,” என்றான் வெள்ளைமுடி.

பையன் வாளைக் கீழே வைத்தான்.

தாவூத் காட்சியை நிறுத்தினார்.

“மன்னிச்சிருங்க அண்ணே,” என்றார் எழிலரசி. “மைக் திறந்திருந்துச்சு. நீங்க பாப்பாகிட்ட பேசினதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன்.”

“நான் அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“ஒரு சொல்லுகூடக் கோபமா சொல்லல.”

“தெரியும் அண்ணே. பாப்பா என்ன சொன்னா?”

“‘சரிப்பா’ன்னா.”

“அழுதாளா?”

“இல்ல. அழுதிருந்தாலாவது யோசிச்சிருப்பேன்.”

மாசிலாமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெள்ளைமுடி பாதி மூடிய கண்களோடு நின்றுபோயிருந்தான்.

“தாவூத், இன்னொரு தடவை போடு.”

“வேணாம்ணே.”

“போடுடா.”

மறுபடியும் ஓடியது. இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார்.

“இது என் பேச்சு இல்ல மேடம்,” என்றார். “எங்க அண்ணன் பேச்சு.”

எழிலரசி தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்கும் அப்ப பவானி வயசுதான். மெல்லிசைக் குழு ஒண்ணுல பாட வரச் சொன்னாங்க. அப்பா இல்லாத வீடு. அண்ணன்தான் ஆளாக்கினார். அன்னிக்கு ராத்திரி ஓட்டலுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் புரோட்டா வாங்கிக் குடுத்தார். என் தோள்ல கை போட்டுக்கிட்டார். ‘உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்டா சொல்றேன்’னார். சொல்றப்ப அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் போகல.”

“அப்புறம் பாடவே இல்லையா?”

“அதான் கூட்டத்துல கத்தறேனே.”

தாவூத் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“தங்கமான மனுஷன் மேடம். எனக்காகக் கல்யாணமே பண்ணிக்கல. அவரைப் போய் வில்லன்னு சொல்லிடாதீங்க.”

“நான் சொல்லல.”

“அப்ப நானா?”

“அதையும் சொல்லல.”

எழிலரசி தாவூத்தின் பக்கம் திரும்பினார். “அந்தப் பதிவை அழிச்சிடு.”

“மேடம், இதைவிட நல்ல டேக் நமக்குக் கிடைக்காது.”

“அழிச்சிடு.”

தாவூத் அழித்தார். திரையில் வெள்ளைமுடி வாயசைத்தான். குரல் இல்லை.

“காலையில ஒண்ணு கேட்டேன்,” என்றார் மாசிலாமணி. “ஆபத்து எதுல இருக்குன்னு. நீங்க இன்னும் பதில் சொல்லல.”

“உங்க அண்ணன் இப்ப எங்கே இருக்கார்?”

“அவர் தவறி எட்டு வருஷமாச்சு.”

“அப்ப மத்தியானம் பவானிகிட்ட பேசினது யாரு?”

மாசிலாமணி எழுந்தார். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து பவானியைக் கூப்பிட்டார்.

யாரும் சொல்லாமலே தாவூத் மைக்கை மூடினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள் என்பது அவர் நிமிர்ந்ததில் தெரிந்தது. மாசிலாமணியின் வாய் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது.

எழிலரசி தொழில் பழக்கத்தில் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எந்தச் சொல்லுக்கும் அசையவில்லை.