தவிட்டம்மை பாட்டும் சீரங்காயி கோழியும்

ஏன் கண்ணுங்களா, நாம சாப்பிடுற சோத்துக்கு அரிசி எங்கேயிருந்து வருதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? கடையிலேயிருந்துன்னுதானே? அந்தக் காலத்துல மில்லும் கிடையாது, மூட்டையில அரிசி விக்கிற கடையும் கிடையாது. நெல்லை உரல்ல போட்டு உலக்கையால குத்துனாத்தான் அரிசி. மனுஷனுக்கு மட்டுமில்ல, சாமிக்கும் அப்படித்தான்.

குருணையூர், குருணையூர்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக் கோயில்ல பொறுத்தருளீசர்னு ஒரு சாமி. யாரு என்ன திட்டினாலும் பொறுத்துக்குவாராம், அதான் அந்தப் பேரு. அவரை ரொம்பத் திட்டினது யாருன்னா தவிட்டம்மை. நூறு வருஷத்துக்கு முன்னாடி கோயிலுக்கு நெல்லு குத்துன அம்மா. தலையெல்லாம் தவிடு, புருவமெல்லாம் தவிடு, அதனால தவிட்டம்மை. உலக்கையைப் போட்டுக்கிட்டே சாமியைப் பார்த்துப் பாடுவாங்களாம், பாட்டெல்லாம் ஒரே வசவு.

"ஊரெல்லாம் சுத்தும் ஐயா, உனக்கு
ஒரு வீடு வாசல் இல்லையா?
சோறாக்கி வெச்சிருக்கேன், சூடு
ஆறுமுன்னே வாருமையா!"

இப்படித்தான். அந்த அம்மா கண்ணை மூடுறதுக்கு முன்னாடி என்ன சொன்னாங்க தெரியுமா? "என் பாட்டை ஏட்டுல எழுதிப் பெட்டியில பூட்டிராதீங்க. உரலுக்குப் பக்கத்துலயே விட்டுருங்க. யாரு நெல்லு குத்துறாளோ அவ பாடட்டும்"னு சொன்னாங்களாம். அன்னையிலேருந்து அந்த ஊருல ஒரு வழக்கம். அம்மை பாட்டைப் பாடிக்கிட்டே குத்துன அரிசிதான் மடப்பள்ளிக்குள்ள போகும். பாடாமக் குத்துன அரிசி, அது முத்து முத்தா இருந்தாலும் சரி, வாசப்படி தாண்டாது.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். அந்த ஊருல சீரங்காயின்னு ஒருத்தி. கோயில் நெல்லு குத்துறது அவ வேலை. அவளும் அவ நாத்தனார் பாவாயியும் ஒரே உரல்ல ரெண்டு உலக்கை போடுவாங்க. ஒருத்தி உலக்கை மேல போகும்போது இன்னொருத்தி உலக்கை கீழ வரணும். இதுல கணக்கு தப்பினா மண்டை உடையும். அந்தக் கணக்கைப் பார்த்துக்கிறது பாட்டுதான். அதனால பாட்டை நடுவுல நிறுத்தவே முடியாது. ஏதாவது பேசணும்னாலும் அதே ராகத்துல, அதே தாளத்துலதான் பேசியாகணும்.

சீரங்காயிகிட்ட ஒரு கோழி இருந்துச்சு. கழுத்துல முடி இல்லாத கோழி, திருட்டுக் கோழி. நெல்லு காயற இடத்துக்கு அது எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது.

அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு புலவரு. பொன்னேட்டுப் புலவர்னு பேரு. தங்கத்தகட்டுலதான் எழுதுவாராம். ஆனா ஒரு வருஷமா தகடுதான் பளபளக்குது, எழுத்தைக் காணோம்! ராஜா சொல்லிப்புட்டாரு, "புலவரே, பௌர்ணமிக்குள்ள புதுப்பாட்டு வரணும். இல்லைன்னா உம்ம பல்லக்கு எனக்கு, உம்ம குடை உமக்கு. நடந்தே ஊருக்குப் போய்ச் சேரும்."

புலவரு பயந்துபோய் ஊரு ஊரா அலைஞ்சாரு. குருணையூருக்கு வந்தாரு. குத்துக்கொட்டாய்ப் பக்கம் போனாரு. தொம்மு தொம்முன்னு உலக்கைச் சத்தம், நடுவுல பாட்டு. கேட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. "அடடா! தவிட்டம்மை பாட்டு கேட்பாரில்லாம இங்க கிடக்குதே!"ன்னு கொட்டாய்ச் சுவருக்குப் பின்னாடி குந்திக்கிட்டாரு. ஏட்டை எடுத்தாரு, எழுத ஆரம்பிச்சாரு.

முதல் நாள், "சோறாக்கி வெச்சிருக்கேன்" பாட்டு. அது முடியறப்ப கோழி வந்துருச்சு. சீரங்காயி உலக்கையை நிறுத்தாம அதே ராகத்துல பாடினா:

"கோழி வருது கோழி வருது, பாவாயி
கோழியைத்தான் விரட்டி விடு!"

புலவரு அதையும் எழுதிக்கிட்டாரு. ஏய், சிரிக்காதீங்க, இன்னும் ரெண்டு நாள் இருக்கு.

ரெண்டாம் நாள் இன்னொரு பாட்டு.

"நஞ்சு தின்ன வாய்க்கு, எங்க
நாழி அரிசி கசக்குமா?
கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டாலும்
கேட்காத காது கேட்குமா?"

அது முடிஞ்சதும் பாவாயி பாடினா:

"அண்ணி அண்ணி முந்தானை, உரலுக்குள்ள
விழுகுதுங்க பாருங்க!"

புலவரு அதையும் எழுதிக்கிட்டாரு.

மூணாம் நாள் காத்து சுவருப் பக்கம் அடிச்சது. தவிடெல்லாம் பறந்துபோய்ப் புலவரு மூக்குல ஏறிடுச்சு. இருமுறாரு, தும்முறாரு, கண்ணுல தண்ணியாக் கொட்டுது, ஆனாலும் எழுதுறதை நிறுத்தல. உள்ளேயிருந்து சீரங்காயி பாடினா:

"செவுத்துக்கு அந்தாண்ட இருமுதடி, பாவாயி
திருட்டுக் கழுதையான்னு எட்டிப் பாரு!"

எழுதுற அவசரத்துல புலவரு அதையும் எழுதிக்கிட்டாரு! எழுதிட்டுப் பாவாயி எட்டிப் பாக்குறதுக்குள்ள ஓடியே போயிட்டாரு.

அப்புறம் அரண்மனை. புலவரு நெத்தி நிறைய விபூதி பூசிக்கிட்டு வந்து நின்னாரு. "மகாராஜா! தவிட்டம்மை என் கனவுல வந்தாங்க. ஒரு எழுத்து விடாம அவங்களே சொல்லச் சொல்ல எழுதினேன். இனிமே என் பாட்டுக்கெல்லாம் நீதான் வாரிசுன்னு தலையில கை வெச்சுச் சொல்லிட்டாங்க"ன்னாரு.

பாடினாரு. ராஜா கேட்டாரு, "பாட்டு தேனா இருக்கு. ஆனா அந்தக் கோழிக்கு என்ன அர்த்தம்?"

"கோழிங்கிறது ஆணவம் மகாராஜா. பாவாயிங்கிறது நம்ம ஆத்மா. ஆத்மாவே, ஆணவத்தை விரட்டுங்கிறாங்க அம்மை."

"ஆகா! முந்தானை?"

"அண்ணின்னா உமாதேவி. முந்தானைங்கிறது மாயை. உரல்தான் உலகம்."

"ஆகாகா! கழுதை?"

"கழுதை… கழுதைன்னா நம்ம உள்ளத்தைத் திருடுற இறைவன் மகாராஜா. சுவருங்கிறது இந்த உடம்பு. உள்ளே இருந்து எட்டிப் பாருங்கிறாங்க."

ராஜா பொலபொலன்னு அழுதுட்டாரு. புலவருக்குப் பட்டு போர்த்தினாரு. குருணையூருல தமுக்கு அடிச்சாங்க: "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, தவிட்டம்மை பாட்டு இனிமே பொன்னேட்டுப் புலவருக்கே சொந்தம். வேற யாராச்சும் பாடினா வாயில ஒரு பாலாடை நிறைய வேப்பெண்ணெய்!"

மறுநாள் காலையில சீரங்காயியும் பாவாயியும் வாயை மூடிக்கிட்டுக் குத்தினாங்க. முதல் குத்துல உலக்கையும் உலக்கையும் மோதிச்சு. ரெண்டாம் குத்துல நெல்லு தெறிச்சுச்சு. மூணாம் குத்துல நெத்தியும் நெத்தியும் முட்டிக்கிச்சு. ஆளுக்கு ஒரு புடைப்போட அரிசியைக் கொண்டுபோனா, மடப்பள்ளிக்காரரு வாசல்லயே மறிச்சுட்டாரு.

"பாடிக் குத்தினீங்களா தாயி?"

"பாடினா வேப்பெண்ணெய் ஊத்துவாங்க சாமி."

"அப்போ இது சாமிக்கு ஆகாது. எடுத்துட்டுப் போங்க."

அன்னைக்குப் பொறுத்தருளீசருக்கு உரிச்ச தேங்காயும் ஒரு சொம்புத் தண்ணியும்தான். சாமி பொறுத்துக்கிட்டாரு. சீரங்காயியால பொறுத்துக்க முடியல.

"அண்ணி, நமக்கு வேலையும் போச்சு, அம்மை பாட்டும் போச்சு"ன்னு பாவாயி மூக்கைச் சிந்தினா.

"எப்படிடி போகும்? அந்தாளு என்ன பாடினானாம், அதை முதல்ல சொல்லு."

தமுக்கு அடிச்சவன் அரண்மனையில கேட்டதைப் பாவாயிகிட்ட ஒண்ணுவிடாமச் சொல்லியிருந்தான். பாவாயி அதைச் சொல்லச் சொல்ல, சீரங்காயி முதல்ல முழிச்சா. அப்புறம் வாயில முந்தானையை வெச்சுக்கிட்டா. அப்புறம் அடக்க முடியாம உரல் மேலயே சாஞ்சு சாஞ்சு சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டு இடுப்புல முந்தானையைச் செருகினா, கோழியைப் புடிச்சுக் கக்கத்துல இடுக்கிக்கிட்டா, நேரா அரண்மனைக்கு நடந்தா.

வாசல்ல காவக்காரன், "கோழியோட உள்ள விடமாட்டேன்"ன்னான்.

"இது கோழி இல்லையாம் தம்பி, ஆணவமாம். உங்க புலவருதான் சொன்னாரு"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள போயிட்டா.

சபையில புலவரு பட்டைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. சீரங்காயி கும்பிட்டா. "ராஜா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தவிட்டம்மை போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆச்சு. பாவாயி என் நாத்தனா. அவளுக்கு இப்பத்தான் பத்தொன்பது வயசு. அவ பேரு அம்மைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

புலவரு துள்ளி எழுந்தாரு. "ஞானிகளுக்கு எல்லாம் தெரியும்! அந்தப் பாவாயி வேற, இந்தப் பாவாயி வேற. அது ஆத்மா!"

"சரிங்க ஐயா. அப்போ அந்தப் பாட்டை ஒரு தடவை பாடுங்க. பாடினா வேப்பெண்ணெய் கிடைக்கும்னு எனக்குப் பயமா இருக்கு. நீங்கதான் வாரிசாச்சே."

புலவரு தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு. சீரங்காயி மடியிலேயிருந்து ரெண்டு கை நெல்லை எடுத்து சபை நடுவுல இறைச்சா, கோழியை இறக்கிவிட்டா. கோழி நெல்லைக் கண்டதும் தலையைத் தூக்கவே இல்ல. "ஊரெல்லாம் சுத்தும் ஐயா" வந்துச்சு, கோழி கொத்துது. "சோறாக்கி வெச்சிருக்கேன்" வந்துச்சு, கோழி கொத்துது. "கோழி வருது கோழி வருது"ன்னு புலவரு இழுத்தாரு பாருங்க, அவ்வளவுதான்! அந்த வரி வந்தா அடுத்து முதுகுல துடைப்பம் விழும்னு கோழிக்குத் தெரியாதா? கெக்கெக்கேன்னு கத்திக்கிட்டு, புலவரு தலைப்பாகையை மிதிச்சு, மந்திரி தோள்ல ஏறி, ராஜாவோட சிம்மாசனத்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு.

சபையே குனிஞ்சு சிம்மாசனத்துக்கு அடியில பார்த்துச்சு.

"ஆணவத்துக்கு ரொம்ப பயம் ராஜா"ன்னா சீரங்காயி. "அது என் கோழி. அந்த முந்தானை என் முந்தானை, இந்தா பாருங்க, ஓரத்துல உலக்கை இடிச்ச கிழிசல். நாங்க உரல்ல நிக்கிறப்ப பேச்சும் ராகத்துலதான் வரும். அதையும் சேர்த்து எழுதிக்கிட்டாரு ஐயா. இனி அந்த மூணாவது பாட்டு. அன்னைக்குச் செவுத்துக்கு அந்தாண்ட இருமினது யாருன்னு மட்டும் அவரைக் கேளுங்க."

ராஜா புலவரைப் பார்த்தாரு. புலவரு தரையைப் பார்த்தாரு. ராஜாவுக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே வெக்கமும் வந்துச்சு. "ஏம்மா, அப்போ அன்னைக்கு நான் அழுதது ஒரு கோழிக்கா?"

"இல்லைங்க ராஜா. பாதி எங்க அம்மைக்கு அழுதீங்க. மிச்சம்தான் கோழிக்கு."

ராஜா அப்பவே மறுபடியும் தமுக்கு அடிக்கச் சொன்னாரு. தவிட்டம்மை பாட்டு உரலுக்குச் சொந்தம், உலக்கை புடிக்கிறவங்களுக்குச் சொந்தம், ராஜாவுக்கே வேணும்னாலும் கொட்டாய்க்கு வந்துதான் கேட்கணும்னு. அப்புறம் புலவரு பக்கம் திரும்பினாரு. "வாரிசுன்னு சொன்னீரே? வாரிசு முதல்ல வேலையைத்தானே எடுத்துக்கணும். ஒரு வருஷம் கோயில் நெல்லைக் குத்தும். போம்!"

அன்னைக்கு மத்தியானமே பொறுத்தருளீசர் சுடச்சுடச் சோறு சாப்பிட்டாரு. ஊரு உண்டுச்சு, உரலு ஓய்ஞ்சுது, புலவரு முறை வந்துச்சு.

பட்டைக் கழட்டி வெச்சுட்டு உலக்கையைத் தூக்கினாரு. முதல் குத்து உரலு விளிம்புல. ரெண்டாம் குத்து தரையில. மூணாம் குத்து அவரு கால் கட்டைவிரல்ல. பாவாயி விழுந்து விழுந்து சிரிச்சா. "ஐயா, கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் ஐயா?"

புலவரு ஒத்தைக் காலுல நின்னுக்கிட்டு, கொப்புளம் வந்த கையை ஊதிக்கிட்டு, சீரங்காயியைப் பார்த்துக் கும்பிட்டாரு.

"தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும். அம்மை பாட்டை நீ ஒரு அடி எடுத்துப் பாடு தாயி. நான் வாயே திறக்கமாட்டேன், அந்தத் தாளத்துக்குக் குத்திக்கிறேன்."