பாவாத்தாளின் அடுப்பும் வாஸ்து நிபுணரும்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திவந்த சென்னியப்பனுக்கு ஆர்டர் குறைந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஒரே மாதத்தில் தன் மேஜையை மூன்று முறை இடம் மாற்றிப் போட்டார். கடைசியில் வாஸ்து நிபுணர் ஞானசுந்தரத்தை வரவழைத்தார்.

நிபுணர் திசைகாட்டியை இரும்பு பீரோ மேல் வைத்துப் பார்த்துவிட்டு, டீ போடும் பாவாத்தாளிடம் திரும்பினார்.

"வடகிழக்கில், ஈசானிய மூலையில் அடுப்பு எரிந்தால் தொழில் எப்படி விளங்கும்? மதியத்துக்குள் அதோ, அந்த அக்கினி மூலைக்கு மாற்று."

அவர் காட்டிய மூலையில் துணிப் பொதிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"அங்க அடுப்புப் பத்தவெச்சா கம்பெனியே எரிஞ்சு போயிருமுங்க," என்றாள்.

"முடியாதென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள்," என்றார் நிபுணர்.

பாவாத்தாள் பணிவாகவே கேட்டாள்.

"அடுப்புக்கிட்ட இருக்கற இந்த ஜன்னல் எந்தத் திசைங்க?"

"வடக்கு."

"தெனமும் காலைல பால் காய்ச்சறப்ப இது வழியாத்தானுங்க சூரியன் மூஞ்சில அடிக்குது. இரும்புப் பக்கம் முள்ளு இழுக்குமுங்க. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க."

சென்னியப்பனே திசைகாட்டியை எடுத்துக்கொண்டு நாலடி நகர்ந்தார். முள் சட்டென்று திரும்பியது. நிபுணர் சொன்ன வடக்கு, கிழக்காகிவிட்டது. அடுப்பு இருந்த இடமே தென்கிழக்கு, அசல் அக்கினி மூலை.

ஞானசுந்தரம் வேறு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

"அப்ப என் மேஜையை எங்கதான் போடறது?" என்றார் முதலாளி.

"வாசலுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்கறீங்க. ஆரு வந்தாலும் திடுக்குனு திரும்பறீங்க. முதுகுக்குப் பின்னால செவுரு இருக்கற மாதிரி, வாசலப் பாத்து உக்காருங்க. ஆர்டர் குடுக்க வர்றவங்க மூஞ்சியாவது தெரியுமுங்க."

சென்னியப்பன் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அவள் பிடித்தாள்.