தாம்பாளத்து மணல்

முன்னொரு காலத்தில் ஆலங்கோடு என்ற நாட்டை மாணிக்கவீரன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு கொடுப்பான், மத்தியானம் அதைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுப்பான், அப்படிப்பட்ட ராஜா. எல்லாம் தெரிந்தவன் என்று நாடே அவனைக் கொண்டாடியது. அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். படிக்கத் தெரியாது.

சிரிக்காதீர்கள். அவனும் பள்ளிக்கூடம் போனவன்தான். பாடம் சொன்னவர் சர்வோத்தமப் பண்டிதர். அவர் ஒரு அடி சொல்வார், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். மடியில் ஏடு இருக்கும், விரல் அதன்மேல் ஓடும். யார் எழுத்தைப் பார்த்துச் சொல்கிறான், யார் பக்கத்துப் பையன் வாயைப் பார்த்துச் சொல்கிறான் என்று பண்டிதர் ஒருநாளும் தனித்தனியே கேட்டதில்லை. ராஜாவுக்கு ஞாபகசக்தி அபாரம். பாட்டெல்லாம் மனப்பாடம், எழுத்து மட்டும் ஒட்டவில்லை. பட்டத்துக்கு வந்த பிறகு ஓலை எது வந்தாலும், "கண் எரிகிறது, நீரே வாசியும்" என்று மந்திரி தாண்டவரிடம் நீட்டிவிடுவான். நீட்டும்போதெல்லாம் உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போவான். அந்தக் கண்ணெரிச்சல் எப்படிப்பட்டது என்று தாண்டவர் எப்போதோ கண்டுகொண்டார். வெளியே சொல்லவில்லை.

ஒரு சமயம் பண்டிதர் சில பிள்ளைகளை, "மக்குகள், தேறாது" என்று விரட்டிவிட்டார். தாண்டவர் அவர்களைத் தன் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். ஆற்றுமணலைக் கொட்டி உட்காரவைத்து, "வீட்டில் இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"எங்க ஆடு அப்பாவ முட்டிருச்சு" என்றாள் சடைச்சி என்ற சிறுமி.

அதையே மணலில் எழுதிக் காட்டினார். தான் சொன்னதைத் தானே விரல்வைத்துப் படித்தாள். பிறகு அழித்துவிட்டுத் தானே எழுதிப் பார்த்தாள். தினமும் இப்படித்தான் பாடம் நடந்தது.

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. சபைக்கு ஓடிவந்து, "அரசே, ஆடு முட்டியதெல்லாம் ஒரு பாடமா? மந்திரியார் கல்வியைக் கொட்டிலில் கட்டிவிட்டார்" என்றார்.

"கட்டவில்லை பண்டிதரே, அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறேன்" என்றார் தாண்டவர்.

படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே ராஜாவுக்கு வியர்க்கும். கோபமாகப் பேசினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்து, "நாளைக்கு இரண்டு பேருடைய பிள்ளைகளும் சபைக்கு வரட்டும். தோற்றவர் பதவியை விட்டு இறங்க வேண்டும்" என்று சீறினான்.

மறுநாள் பண்டிதரின் பிள்ளைகள் ஏட்டிலிருந்த நாற்பது பாட்டையும் பிசகாமல் முழங்கினார்கள். ஏட்டை ஒரே நேரத்தில் புரட்டினார்கள். சபை சொக்கிப்போனது.

தாண்டவர் எழுந்தார். "அருமை. அரசே, ஓலை எழுதுபவர் காதில் தாங்கள் புதிதாக ஏதாவது சொல்லுங்கள். அவர் மணலில் எழுதட்டும். பிள்ளைகள் படிக்கட்டும்."

ராஜா குசுகுசுவென்று சொன்னான். ஓலை எழுதுபவர் மணல் பரப்பிய தாம்பாளத்தில் அதை எழுதி, பண்டிதரின் முதல் மாணவன் உமாபதியிடம் நீட்டினார். உமாபதி விரலை எழுத்தின்மேல் ஓட்டினான். கணீரென்று முதல் பாட்டைப் பாடினான்.

சபையில் சிரிப்பு கிளம்பியது. சடைச்சி முன்னே வந்தாள். தட்டுத்தடுமாறி, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். "பண்டிதருக்குப் பசி வந்தால் மூக்கு சிவக்கும்."

ராஜா சொன்னது அதேதான். பண்டிதருக்கு அப்போது பசி இல்லை, ஆனாலும் மூக்கு சிவந்தது. "மக்குப் பயலே, என் மானத்தை வாங்கிவிட்டாயே" என்று உமாபதியின் தலையில் குட்டினார். பையன் தரையைப் பார்த்தபடி நின்றான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

பண்டிதர் அதோடு விட்டிருக்கலாம். "இவன் ஒருவன் மக்கு என்றால் என் முறை தப்பாகிவிடுமா? என்னிடம் படித்த அரசரே இதோ இருக்கிறார். இந்தப் பெண் எதை வேண்டுமானாலும் எழுதட்டும், அரசர் மூச்சுவிடாமல் படிப்பார்" என்றார்.

சடைச்சி மணலைத் தடவிவிட்டு ஏதோ எழுதினாள். தாம்பாளம் ராஜாவின் கைக்கு வந்தது. சபை முழுக்க அவன் வாயையே பார்த்தது.

தாண்டவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "கனமான தாம்பாளம், அரசே. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்."

ராஜாவுக்குப் புரிந்தது. லேசாகச் சாய்த்தால் போதும், எழுத்தெல்லாம் கலைந்துவிடும். மணலும் ஓரமாகச் சரியத் தொடங்கியது. அப்போது அவன் கண் உமாபதிமேல் பட்டது. பையன் தலை இன்னும் நிமிரவில்லை. தான் செய்த தப்பைத்தான் இவனும் செய்தான். இவன் குட்டு வாங்கினான், தனக்குக் கிரீடம் வைத்தார்கள். ராஜாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தாம்பாளத்தை நேராகப் பிடித்தான்.

"பண்டிதரே, அந்தப் பிள்ளையை மக்கு என்றால் என்னையும் அப்படியே சொல்லும். எனக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷம் கண் எரிகிறது என்று பொய் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. பண்டிதரின் முகம் சாம்பலாகிப்போனது. தன் பெருமையென்று எதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாரோ அதுவே கண்ணெதிரே சரிந்துவிட்டது. "நான் ஒருநாளாவது தனியாகக் கேட்டிருக்க வேண்டும், அரசே" என்றார்.

தாண்டவரும் தலைகுனிந்தார். "எனக்கும் தெரியும், அரசே. காப்பாற்றுவதாக நினைத்துத் தங்களைக் கெடுத்துவிட்டேன்."

ராஜா சடைச்சியிடம், "என்னம்மா எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டான்.

அவள் நெளிந்தாள். பிறகு விரல்வைத்துப் படித்தாள். "ராஜாவும் எங்க தோட்டத்துக்கு வாங்க. மணல் நிறைய இருக்கு."

ராஜா போனான். தாண்டவர் பதவி நிலைத்தது. பரிசு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டபோது, அவர் பண்டிதரின் பள்ளிக்கும் வண்டி வண்டியாக ஆற்றுமணல் கேட்டார். பண்டிதர் பதவி போனது. ஆனால் அவர் தாண்டவரின் தோட்டத்துக்கே வந்து, ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் உட்கார்ந்து தனித்தனியே கேட்கப் பழகினார். முதலில் கேட்டது உமாபதியிடம்.

சில மாதம் கழித்து ராஜா யார் உதவியும் இல்லாமல் ஒரு வரி எழுதினான். சடைச்சி எட்டிப்பார்த்து உரக்கப் படித்தாள். "எனக்கு வெட்கமாக இருக்கிறது."

"இன்னைக்குமா ராஜா?" என்று கேட்டாள்.

ராஜா யோசித்தான். "இன்றைக்குக் கொஞ்சம் குறைவு" என்று சொல்லி, அதையும் கீழே எழுதத் தொடங்கினான்.