கைக்குச் செய்த ஆண்டெனா

ஜெபமணி கடற்படையில் இருபது வருடம் ரேடியோ வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. வழிகாட்டிப் பேராசிரியை ஹசீனாவுக்கு முப்பத்தாறு.

அவர் எடுத்த ஆராய்ச்சி இது: நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் பட்டைக்குள் ஓர் ஆண்டெனா வைக்க வேண்டும். நாடித்துடிப்பை அது வைஃபை வழியே நர்ஸின் மேசைக்கு அனுப்ப வேண்டும். ஏழு மாத உழைப்பில், கட்டைவிரல் நகம் அளவுப் பலகையில் செம்புக்கோடாக அதை அச்சிட்டுவிட்டார் ஜெபமணி.

"பாருங்க மேடம். கிராஃப்ல பள்ளம் சரியா வைஃபை அலைவரிசையில விழுது."

"அழகா இருக்கு சார்" என்ற ஹசீனா, பலகையை எடுத்து ஜெபமணியின் மணிக்கட்டிலேயே டேப் போட்டு ஒட்டினார்.

அந்தப் பள்ளம் எங்கே விழுகிறதோ அங்கேதான் ஆண்டெனா வேலை செய்யும்; அளவுக் கருவியின் திரையில் அது இடப்பக்கம் நகர்ந்து, அலைவரிசையை விட்டே வெளியே போய்விட்டது.

"என்ன தப்பு மேடம்?"

"உடம்பு ஒட்டினா பள்ளம் நகரும். நீங்க காத்துக்குச் செஞ்சிருக்கீங்க. இது கைக்கு."

மறுநாளிலிருந்து ஜெபமணி கைகளைத் தேடிப் போனார். கேன்டீன் அம்மாவின் ஈரக்கை, பஸ் டிரைவரின் பருத்த கை, வளையல் போட்ட கை. பதினோரு பலகைகள் வீணாயின. பன்னிரண்டாவதில், எந்தக் கையில் ஒட்டினாலும் பள்ளம் அசையவில்லை.

மருத்துவமனையில் ஒரு வார்டு முழுக்கப் பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை பதினேழாம் கட்டில்காரர் குளியலறையில் மயங்கி விழுந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் செல்வகனி ஓடிப்போய் ஆள் கூப்பிட்டு, கதவை உடைத்துத் தூக்கினார். நோயாளி பிழைத்துக்கொண்டார்.

மாலையில் ஜெபமணி லேபுக்கு வந்து உட்கார்ந்தார்.

"நர்ஸுக்கு எல்லாரும் கை தட்டினாங்க மேடம். நானும் தட்டினேன்."

"அப்புறம்?"

"ஆண்டெனாவைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல."

ஹசீனா கருவியை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து அமர்ந்தார்.

"நோயாளி விழுந்தது மூடின கதவுக்குப் பின்னால. செல்வகனிக்கு யார் சார் சொன்னது?"

ஜெபமணி தன் மணிக்கட்டைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.