இடுப்பை விட்டு இறங்கின பிள்ளை

ஒரு ஊர்ல ஒரு உப்பளத்துக்காரி இருந்தா. பேரு பேச்சித்தாய். கடலோரத்து ஊரு அது. எங்கிட்டுப் பாத்தாலும் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல். காத்து அடிச்சா உதடு கரிக்கும். ம் கொட்டணும், என்ன? கொட்டலேன்னா நீ தூங்கிட்டேன்னு நிறுத்திருவேன்.

ம். அப்படித்தான்.

பேச்சித்தாய்க்குப் புருஷன் போய்ச் சேந்துட்டான். பிள்ளையும் கெடையாது. இருந்ததெல்லாம் ஒரே ஒரு தங்கச்சி. அவ பேரு செல்வக்கனி. அவ புருஷன் பாலவேசம், தோணியில கடல் தாண்டிச் சரக்கு ஏத்திட்டுப் போறவன். போனான்னா எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது. அப்புறம் செல்வக்கனிக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. நாள் முடியறதுக்கு முந்தியே அவசரப்பட்டு வந்துருச்சு. கோழிக்குஞ்சு கணக்கா இத்தனூண்டு. பிள்ளை வந்துச்சு, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போன செல்வக்கனி வீட்டுக்கு வரல.

ஆமா. செத்துப் போயிட்டா.

அப்போ பாலவேசம் வந்து வாசல்லயே நின்னான். உள்ளயே வரல. தூளியை ஒரு தடவை எட்டிப் பாத்தான். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

"மதினி, இத எடுக்கவே மனசு வரல. அவ மூஞ்சி அப்படியே இருக்கு. தோணி கெளம்புது, நான் போறேன். எந்திச்சு நடக்கிற பருவம் வரட்டும், வந்து கூட்டிக்கிடுதேன்"ன்னான்.

"போயிட்டு வா தம்பி"ன்னா பேச்சித்தாய். வேற என்ன சொல்லுவா?

பிள்ளைக்கு இசக்கின்னு பேரு வச்சா. பால் குடுப்பா, துடைப்பா, தூளியில போடுவா. க்ரீச் க்ரீச்னு ஆட்டிவிட்டுட்டு ஒரு மூலையில போய் உக்காந்துக்கிடுவா. அந்த மூஞ்சியைப் பாத்தா அவளுக்கும் தங்கச்சி ஞாபகம் வந்துரும். அதனால ரொம்பத் தொடமாட்டா. பிள்ளையும் அழாது. கையைக் காலை ஆட்டாது. தூளித் துணியையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். "என்ன சமத்து, என்ன சமத்து"ன்னு ஊரே சொல்லுச்சு.

அப்புறம் ஒரு நாள் தடுப்பூசி போட நர்ஸம்மா ஒருத்தங்க வந்தாங்க. பிள்ளையைத் தூக்கினாங்க. தலை தொபுக்னு பின்னால போயிருச்சு. கையில வச்சா நனைஞ்ச துணி மாதிரி வழியுது. அவங்க மூஞ்சி மாறிப்போச்சு.

"பேச்சித்தாய், இது சமத்து இல்லம்மா. உடம்புல பெலன் இல்லாம கெடக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டர் பாக்கட்டும்"ன்னாங்க.

போனாங்க. டாக்டர் தட்டிப் பாத்தாரு, மடக்கிப் பாத்தாரு. "லேட்டாதான் எல்லாம் வரும். ஒரு காலு கொஞ்சம் சொணங்கும். ஆனா வரும். விடாம வேலை குடுக்கணும்"ன்னாரு.

பேச்சித்தாய் வெளிய வந்து, "மருந்து எங்க வாங்கணும்?"ன்னு கேட்டா.

"மருந்து இல்லம்மா, உன் கைதான்"னாங்க நர்ஸம்மா. "குளிப்பாட்டுறப்ப, துணி மாத்துறப்ப, தூக்குறப்ப, எல்லாத்துலயும் பிள்ளையும் தன் பங்குக்குக் கொஞ்சம் வேலை செய்யணும். நீயே எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிராத. தூளியில போட்டுட்டுப் போயிராத. முழிச்சிருக்கறப்ப பக்கத்துல இருந்து குப்புறப் போடு. பேச்சுக் குடு. விளையாடு."

விளையாடணுமாம். தங்கச்சியைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல, அவ விளையாடணுமாம். பேச்சித்தாய் பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தா. வந்து என்ன பண்ணுனா தெரியுமா? தூளியை அவுத்து மடிச்சுப் பரண்ல போட்டுட்டா.

ம்.

மொதல்ல தலை. சுவத்துல சாஞ்சு உக்காந்து, பிள்ளையைத் தன் நெஞ்சு மேல குப்புறப் போட்டுக்கிடுவா. பிள்ளை கன்னத்தை ஒட்டவச்சுக்கிட்டுச் சும்மா கெடக்கும். இவ நாக்கைத் தட்டி ட்லொக் ட்லொக்னு சத்தம் குடுப்பா. ஒண்ணும் நடக்காது. மறுபடி ட்லொக் ட்லொக். பிள்ளை முக்கும், நெத்தி சுருங்கும், தலை கொஞ்சூண்டு எழும்பும், தொபுக்னு விழுந்துரும். "சரி தாயி, போதும், நாளைக்குப் பாப்போம்"னு முதுகைத் தடவி விடுவா. இப்படியே போச்சு. ஒரு நாள் வெயில் சன்னல்ல வந்து விழுந்த நேரம், அந்தத் தலை எழும்புச்சு. எழும்பி நின்னுச்சு. கிடுகிடுன்னு ஆடுச்சு, ஆனா விழல. அப்படியே பேச்சித்தாய் மூஞ்சியைப் பாத்துச்சு. செல்வக்கனி கண்ணு. அச்சு அசல் அதே கண்ணு.

அவ்வளவு நாளா எந்தக் கண்ணைப் பாக்கப் பயந்தாளோ, அது ஒரு முழத் தூரத்துல அவளைப் பாத்துச் சிரிக்குது. வாய்நீர் ஒழுகி இவ கழுத்துல சொட்டுது. பேச்சித்தாய் அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை. பிள்ளையும் பயந்து வீல்னு கத்திருச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சமாதானம் பண்ணிக்கிட்டாங்க.

ரெண்டாவது, உக்கார்றது. அதுக்கு முன்னால புரளணும்ல? துணி மாத்துறப்ப ரெண்டு காலையும் சேத்துப் பிடிச்சுத் தூக்கமாட்டா. இடுப்புல கை வச்சு மெல்ல ஒருக்களிச்சு உருட்டுவா. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. "உருளு உருளு, என் உருளைக்கெழங்கு"ம்பா. பிள்ளைக்கு அது விளையாட்டாப் போச்சு. ஒரு நாள் இவ துணியை எடுக்கத் திரும்பினா, பின்னால டொம்முனு ஒரு சத்தம். பாத்தா இசக்கி தானே கவுந்து கெடக்கா. நெத்தியில மண்ணு.

அப்புறம் உப்பளத்துக்கும் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சா. ஓலைக் கொட்டகை நெழல்ல, மணல்ல சின்னதா ஒரு பள்ளம் தோண்டுவா. பிள்ளையை அதுல இடுப்பு வரைக்கும் உக்கார வச்சு, சுத்தி மணலை அணைச்சு விடுவா. முன்னால கிளிஞ்சல் போட்ட ஒரு டப்பா. ஆட்டினா கலகல கலகல. கொஞ்சம் எட்டித்தான் வைப்பா, கைக்கே குடுக்கமாட்டா. பிள்ளை சாஞ்சு சாஞ்சு எட்டும். சரக்குன்னு ஒரு பக்கம் சரியும். பக்கத்துல வேலை பாக்கிற பொம்பளைங்க ஓடி வருவாங்க. "இருங்கட்டி, கையை ஊனுதாளா பாப்போம்"னு பேச்சித்தாய் தடுப்பா. அவ கையும் பிள்ளைக்குப் பின்னாலயே தயாரா இருக்கும். அப்படி அப்படி, நாளு போகப் போக, பள்ளம் ஆழம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசில பள்ளமே இல்ல. வெறும் மணல்ல ராணி மாதிரி உக்காந்து டப்பாவை ஆட்டுது. கலகல கலகல!

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

இப்போ மூணாவது. அதுதான் கஷ்டம்.

மூணாவது, நிக்கணும், நடக்கணும். இசக்கி தவந்து போயி உரலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கப் பாத்தா. அப்போ அடுத்த வீட்டு சீனியம்மா வந்தா. கெட்டவ இல்ல, இவ மேல பிரியமானவதான்.

"ஏட்டி பேச்சி, பாலவேசம் வேற கல்யாணம் பண்ணிட்டானாமே. தெரியுமா?"

"தெரியும்."

"பிள்ளை நடந்தா வந்து கூட்டிட்டுப் போவேன்னுதான சொன்னான்? நடக்கலேன்னா வரமாட்டான்ல. நீ பிள்ளைய இடுப்ப விட்டு இறக்காத. நான் அவ்வளவுதான் சொல்லுவேன்."

பேச்சித்தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சா. அன்னைலேருந்து இறக்கவே இல்ல. ஒத்தைக் கையாலயே சோறு வடிப்பா, ஒத்தைக் கையாலயே வாசல் கூட்டுவா. இன்னொரு கையில இசக்கி. பிள்ளை "ஊ, ஊ"ன்னு தரையைக் காட்டும். உடம்பை வளைச்சுக் கீழ வழுக்கும். "வேண்டாம் தாயி, முள்ளு குத்தும்"பா. வீட்டுக்குள்ள ஏது முள்ளு? பரண்ல கெடந்த தூளி திரும்பக் கீழ வந்துச்சு. க்ரீச் க்ரீச். பிள்ளை கொஞ்ச நாள் கத்துச்சு. அப்புறம் கத்தறதையும் விட்டுருச்சு. பழையபடி துணியையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு.

நர்ஸம்மா வந்தாங்க. இசக்கி காலைத் தடவிப் பாத்தாங்க. "நல்லா ஊனிக்கிட்டிருந்த பிள்ளைதான? ஏன் இப்படித் தொவண்டுட்டு? காய்ச்சல் கீய்ச்சல் கண்டுச்சா?"ன்னு கேட்டாங்க.

பேச்சித்தாய் முந்தானையை இழுத்துப் பிள்ளை காலை மூடினா. நர்ஸம்மா போனதுக்கு அப்புறம் அந்தக் காலு ரெண்டையும் தன் மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. "நான் உன்னைய வச்சுக்கிடணும்னு உன் காலைப் பறிக்கப் பாத்தேனே தாயி"ன்னா. பிள்ளைக்கு என்ன புரியும்? அது இவ மூக்குத்தியைப் பிடிச்சு இழுத்துச்சு.

அன்னைக்கே பிள்ளையைத் தரையில இறக்கி விட்டா.

கையைப் பிடிச்சு இழுத்து நடக்க வைக்கல. கீழ மண்டி போட்டு, இடுப்பை மட்டும் ரெண்டு பக்கமும் லேசாப் பிடிச்சுக்கிடுவா. உரல் மேல அந்தக் கிளிஞ்சல் டப்பாவை வைப்பா. இசக்கி உரலைச் சுத்திப் பக்கவாட்டுல நகரும். டக், டக். இடது காலு லேசா இழுக்கும். விழும், எந்திரிக்கும். விழும், எந்திரிக்கும். பேச்சித்தாய் முட்டி ரெண்டும் தோலு உரிஞ்சு போச்சு. அப்புறம் ஒரு சாயங்காலம், இவ அடுப்புப் பக்கம் உக்காந்திருக்கா, பிள்ளை உரலை விட்டுட்டு நிக்குது. "ஈம்மா"ன்னுச்சு. பெரியம்மாவைத்தான் அது அப்படிக் கூப்பிடும். தத்தக்கா பித்தக்கான்னு வந்து, இவ கழுத்துல பொத்துனு விழுந்துச்சு.

ஊரெல்லாம் சந்தோஷப்பட்டுச்சு. சீனியம்மா மட்டும் மூலையில நின்னு கண்ணைத் துடைச்சா.

ம். வந்தான். சொன்னபடியே வந்தான் பாலவேசம். கூடவே புதுப் பொண்டாட்டி. அவ பேரு சந்தனமாரி. சின்னப் பொண்ணு, தலையைக் குனிஞ்சே நின்னா. பாலவேசம் இந்தத் தடவை உள்ள வந்தான். இசக்கி உரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்தான்.

"மதினி, நிக்காளே!"

"நடக்கவும் செய்வா."

அப்போ பேச்சித்தாய் என்ன வேணா பண்ணியிருக்கலாம். பிள்ளையை அள்ளி இடுப்புல வச்சிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனா குனிஞ்சு, பிள்ளை காதுல, "இசக்கி, அந்தா பாரு அப்பா. போ தாயி, அப்பாட்ட போ"ன்னா. பிள்ளை இவ மூஞ்சியைப் பாத்துச்சு. அவனைப் பாத்துச்சு. திரும்பவும் இவளைப் பாத்துச்சு. பேச்சித்தாய் சிரிச்சா. அப்படிச் சிரிக்க அவளுக்கு என்ன பெலன் வேண்டியிருந்துச்சோ! டக், டக்குன்னு நடந்து பிள்ளை அப்பன்கிட்டப் போயிருச்சு. அவன் அப்படியே தரையில உக்காந்து கட்டிப் பிடிச்சு அழுதான்.

கெளம்புறப்ப சந்தனமாரி பிள்ளையை ஒரு கையைப் பிடிச்சுத் தூக்கப் போனா.

"அய்யய்யோ, கையைப் பிடிச்சு இழுக்காத!"ன்னு பேச்சித்தாய் கத்திட்டா.

அந்தப் பொண்ணு வெடுக்குனு கையை எடுத்துருச்சு. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எப்படித் தூக்கணும்? காட்டுங்கக்கா"ன்னா.

பேச்சித்தாய் அவளையே பாத்தா. வெறுக்கணும்னு நெனைச்சா, முடியல. பக்கத்துல உக்காந்து காட்டிக் குடுத்தா. அக்குள்ல இப்படிக் கை குடு. இடது காலைத் தெனமும் எண்ணெய் தேய்ச்சு நீவி விடு. விழுந்தா ஓடிப்போய்த் தூக்காத, கொஞ்சம் பொறு. டப்பாவைக் கொஞ்சம் எட்டியே வை. ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா. அப்புறம் பஸ் வந்துச்சு. பாம் பாம்னுச்சு. "ஈம்மா, ஈம்மா"ன்னு சன்னல்ல கத்திக்கிட்டே போச்சு பிள்ளை.

பேச்சித்தாய் மறுநாள் உப்பளத்துக்குப் போனா. இடுப்பை ஒரு பக்கமாச் சாய்ச்சே நடந்தா. இடுப்புல ஒண்ணுமே இல்ல, ஆனாலும் சாஞ்சே நடந்தா. கங்காணி கேட்டாரு, "என்ன பேச்சி, சாஞ்சு நடக்க?"ன்னு. "உப்புப் பெட்டி சொமந்து இடுப்பு பிடிச்சிருக்கு"ன்னுட்டா.

திரும்பி வந்துச்சான்னு கேக்கியா? வந்துச்சு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு அப்பனும் சந்தனமாரியும் கூட்டிட்டு வந்தாங்க. பச்சைப் பாவாடை கட்டியிருந்துச்சு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஓடி வந்துச்சு. திடுதிடுன்னு ஓடி வந்துச்சு. பேச்சித்தாய் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னா. பிள்ளை அவளைத் தாண்டிக் கடலைப் பாத்து ஓடிருச்சு. ஆமா, தாண்டித்தான் போச்சு. அதுக்கு அவளைத் தெரியல.

சந்தனமாரிக்குச் சங்கடமாப் போச்சு. "அக்கா, நான் தெனமும் உங்களைப் பத்திச் சொல்லுவேன்கா. சின்னப் பிள்ளை, மறந்துட்டா"ன்னா.

பேச்சித்தாய் கையை மெல்ல இறக்கிக்கிட்டா. மணல்ல ஓடுற அந்தக் காலு ரெண்டையுமே பாத்துக்கிட்டு நின்னா. "அதனால என்ன தாயி? நல்லா ஓடுதாளே"ன்னா.

எப்படி மறக்கும்னு கேக்காத, கண்ணு. உன் தலை மொத மொத எப்ப எழும்புச்சு, சொல்லு பாப்போம்? யார் நெஞ்சு மேல கெடந்தே? தெரியாதுல்ல? அதுக்கும் தெரியல. அவ்வளவுதான்.

ஓடின காலும் ஓஞ்சுது, ஊரும் அடங்குச்சு, கதையும் படுத்துருச்சு. நீயும் ஒருக்களிச்சுப் படு. ம். தூங்கு.